குட்டையா இருந்தா மட்டும் நெல்லு சாயாதா? தண்டு, கணு, இலையுறை பத்தி ஒரு இழை

கேள்வி (திருவாரூர் பக்கத்துத் தம்பி ஒருத்தர்)

"சாயாத நெல்லு வேணும்னா குட்டை ரகம் போட்டா முடிஞ்சுது. தண்டு தடிமன், சிலிக்கா, பொட்டாஷ்னு பேசுறதெல்லாம் உரக்கடைக்காரன் கட்டுற கதை. ஐஆர் 8 காலத்துல இருந்து பார்த்தாச்சு, உயரத்தக் குறைச்சதுதான் ஒரே வைத்தியம். இல்லன்னு சொல்றவங்க சொல்லுங்க பாப்போம்."

17.11.2024

இல்லன்னு சொல்றேன். ஆனா பாதிதான் இல்லங்குறேன்.

ஐஆர் 8 கதை உண்மை. இந்தோனேஷியாவோட உயர ரகம் பீட்டா, தைவானோட குட்டை ரகம் டீ-ஜியோ-ஊ-ஜென், ரெண்டையும் பிலிப்பைன்ஸ்ல இருக்குற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல 1962ல ஒட்டுச் சேர்த்தாங்க, 1966ல ரகமா வெளிய வந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்த ஆளுயர நெல்லுக்கெல்லாம் யூரியா போட்டா கதிர் பெருசாகும், கூடவே தாளும் நீளும், அறுப்புக்கு முன்னாடி மொத்தமா படுத்துரும். போட்ட உரம் படுத்த பயிருக்குத்தான் போய்ச் சேரும். குட்டையாக்கினதும் உரத்தத் தாங்கிச்சு, விளைச்சல் ஏறிச்சு. கோதுமையிலயும் ஜப்பான்காரன் நோரின் 10ஐ வச்சு இதேதான் நடந்துச்சு. இதுல சண்டை போட ஒண்ணும் இல்ல.

ஆனா தம்பி, உயரம் குறைஞ்சதால தண்டு பலமாச்சுன்னு யார் சொன்னா? குறைஞ்சது சுமை. கதிர் எவ்வளவு உசரத்துல தொங்குதோ அவ்வளவுக்கு அடித்தண்டுல வளைக்கிற விசை ஏறும், அந்த உசரத்த வெட்டிட்டாங்க, அவ்வளவுதான். தண்டோட சொந்த பலம் தனிக் கணக்கு. அதுலதான் வேடிக்கை, அந்தக் குட்டை ஜீன் வந்த பயிர்ல தண்டோட விட்டம் சின்னதாகுது, ஒடிக்க வேண்டிய விசையும் குறையுதுன்னு ஜப்பான்ல அளந்தே காட்டியிருக்காங்க. நோஞ்சான் தண்டுதான், தூக்க வேண்டிய சுமை கம்மிங்கறதால நிக்குது.

உனக்கு உதாரணம் உன் வயலுலயே இருக்கும். பிபிடி 5204, நாம ஆந்திரா பொன்னிங்குறது. 1986ல பாபட்லாவுல விட்டது. ஜிஇபி 24, தைச்சுங் நேட்டிவ் 1, மசூரி மூணும் கலந்த ரத்தம். தைச்சுங் நேட்டிவ் 1 வழியா குட்டை ஜீன் வந்துருச்சு, நெஞ்சளவு கூட வளராது. அது சாயாதா? மார்கழி கடைசில ஒரு காத்து, ஒரு மழை போதும், பாய் விரிச்சுரும். குட்டை ஒண்ணே வைத்தியம்னா பிபிடிக்காரன் ஏன் தை மாசம் பூரா வானத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்?

17.11.2024, ராத்திரி

விட்டுப் போச்சு. நாளைக்கு வயலுக்குப் போறவங்க ஒரு தூர்ல, அதாவது ஒரு குத்து நெல்லுல, நல்ல தாள் ஒண்ண மண்ணோட ஒட்டி அறுத்து, வெட்டுவாயப் பாருங்க. ரெண்டு மூணு ரகத்துல பாருங்க. உள்ள ஓட்டை எவ்வளவு, சுவர் எவ்வளவு, அதோட மேல எத்தன இலையுறை (இலையோட அடிப்பாகம், தண்ட உறை மாதிரி மூடியிருக்குறது) சுத்தியிருக்குன்னு. மேல பேசுறதுக்கு முன்னாடி இதப் பார்த்துருங்க, இல்லன்னா நான் சொல்றது காத்துல போயிரும்.

18.11.2024

"ஓட்டையா இருக்குறது எப்பிடிண்ணே பலமாகும், கெட்டியா இருந்தாத்தானே பலம்"னு ஒருத்தர் கேட்டிருக்கார். நான் படிச்சது சிவில் டிப்ளமோ, பகல்ல சைட்டு, விடிகாலையும் ஞாயித்துக்கிழமையும் வயலு, அதனால இது நமக்குப் பிடிச்ச கேள்வி.

ஒரு குழாய வளைச்சா வளைவுக்கு வெளிப்பக்கத்துத் தோல்தான் இழுபடும், வளைவுக்கு உள்பக்கத்துத் தோல்தான் நசுங்கும். நடுவுல இருக்குற பொருளுக்கு வேலையே இல்ல. அதனால இருக்குற பொருள எவ்வளவுக்கு எவ்வளவு நடுவுல இருந்து தள்ளி வைக்கிறோமோ அவ்வளவுக்கு வளையாது. கணக்காச் சொன்னா, வெளிவிட்டம் 5 மி.மீ., சுவர் 0.7 மி.மீ. இருக்குற தாள எடுத்துக்க. அதே அளவு பொருள வச்சே 6 மி.மீ. விட்டத்துக்கு விரிச்சா சுவர் 0.55 கிட்ட மெலிஞ்சுரும், ஆனா வளைவைத் தாங்குற திறன் மூணுல ஒரு பங்கு கிட்ட ஏறுது. ஒரு கிராம் வைக்கோல் கூட சேர்க்கல, ஒரே ஒரு மில்லிமீட்டர்தான்! சுவரையும் 0.7லயே வச்சு 6 மி.மீ. ஆக்கினா பாதிக்கு மேலயே ஏறிரும்.

அப்போ இன்னும் விரிச்சுக்கிட்டே போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. முடியாது. சுவர் ரொம்ப மெலிஞ்சா வளையுறப்ப வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும், அப்புறம் ஒரு எடத்துல டப்புன்னு மடங்கிரும், இளநி கடைல குடுக்குற ஸ்ட்ராவ வளைச்சா மடங்குமே அது. அந்த மடிப்பு விழுந்துட்டா திரும்ப நிமிராது. இதத் தடுக்கத்தான் கணு. கணு இருக்குற எடத்துல குறுக்க கெட்டியா ஒரு தட்டு விழுது, வட்டம் நசுங்காம புடிச்சுக்குது. கணுவுக்குக் கணு தூரம் கம்மியா இருந்தா மடங்குறது கஷ்டம். மூங்கிலும் புல்லு ஜாதிதான், அங்கயும் இதே ஏற்பாடு.

இன்னொண்ணு, சுவர்லயும் எல்லா எடமும் ஒரே பலம் இல்ல. தோலுக்குக் கீழ ஒரு நார் வளையம் இருக்கும், சுவர் தடிச்ச, லிக்னின்ங்குற கெட்டிப் பொருள் ஏறின செல்லு. அதுக்கு உள்பக்கம் பஞ்சு. சத்துக் கடத்துற குழாய்க் கத்தைகள் ரெண்டு வரிசையா, வெளிவரிசை அந்த நாரோடயே ஒட்டி, உள்வரிசை பஞ்சுக்குள்ள. கம்பியெல்லாம் வெளி ஓரத்துல போட்டிருக்கான். எவனோ நல்ல டிசைனர்.

20.11.2024

"தடிமன் அவ்வளவு நல்லதுன்னா விஞ்ஞானிங்க ஏன் எல்லா ரகத்தையும் தடிமனா ஆக்கல?"

பண்ணிப் பாத்தாங்க. அதே பிலிப்பைன்ஸ் நிலையத்துல 1989 வாக்குல புது மாதிரி நெல்லுன்னு ஆரம்பிச்சாங்க. தூருக்குக் கொஞ்சம் தாள்தான், ஆனா ஒவ்வொண்ணும் தடியா, கதிர் பெருசா. முதல்ல வந்த வரிசைங்க பதராப் போச்சு, மணி ரொம்பல. தாள் தடிச்சா தூர்ல தாள் எண்ணிக்கை குறையும்ங்கறது நெல்லுல பழைய பேரம். விவசாயி தூர்ல தாள எண்ணித்தானே திருப்திப்படுவான்.

பொறவு ஜப்பான்ல கோஷிஹிகாரிக்காக ஒரு வேலை நடந்துச்சு. கோஷிஹிகாரி அவங்களுக்கு நம்ம சீரகச் சம்பா அந்தஸ்து, ருசிக்கு ஊரே சாகும், ஆனா சாயுறதுல பேர் போனது. ஹபாடாகின்னு தண்டு தடிச்ச வேற ரகத்துல இருந்து தடிமனுக்குண்டான ஜீன் பகுதியக் கண்டுபிடிச்சு கோஷிஹிகாரிக்குள்ள கொண்டு வந்தாங்க, 2010ல அந்த ஆராய்ச்சி வெளிய வந்துச்சு. விசேஷம் என்னன்னா அந்த ஜீன் கதிர்ல மணி எண்ணிக்கையயும் ஏத்துது. வளரும் நுனி பெருசானா அதுல இருந்து வர்ற தண்டும் பெருசு, கதிரும் பெருசு. உயரத்துல கை வைக்காமலே சாய்வக் குறைக்க ஒரு வழி இருக்குன்னு அதுல தெரிஞ்சுது. தம்பி, "ஒரே வைத்தியம்"ங்கறதுக்கு இதுதான் என் பதில்.

21.11.2024

"சிவில்காரன் வயலுக்கு வந்தா வரப்புக்கும் பில்லர் போடுவான்"னு எழுதின அண்ணனுக்கு: எங்க வரப்பு நண்டு வங்கு விழாம நிக்குது, உங்க வரப்பு?

24.11.2024

இந்த இழைக்கு இப்பத்தான் சரியான நேரம், ஏன்னா சம்பா இப்ப கதிர் உருவாகுற பருவத்துல நிக்குது, எல்லாரும் மேலுரத்துக்கு யூரியா மூட்டைய எடுத்து வச்சிருப்பீங்க.

நெல்லு நட்டதுல இருந்து ரொம்ப நாளைக்கு உண்மையான தண்டே கிடையாது. வெளிய தெரியுறது பூரா இலையுறை சுருண்டது. கணுவெல்லாம் மண்ணோரத்துல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி இருக்கும். உள்ள கதிர்க் குருத்து உருவாகுற சமயத்துலதான் கணுவிடை, அதாவது ரெண்டு கணுவுக்கு நடுவுல இருக்குற துண்டு, நீள ஆரம்பிக்குது, அடியில இருந்து வரிசையா. கதிர்ல இருந்து கீழ எண்ணிக்கிட்டு வந்தா நாலாவது, அஞ்சாவது துண்டு முதல்ல நீளும். ஒடியுற துண்டும் வளையுற துண்டும் பெரும்பாலும் அதுங்கதான். அதுங்க நீளுற நேரத்துல தழைச்சத்து கொட்டினா ரெண்டும் நீண்டு, சுவர் மெலிஞ்சு, நாரு சரியாக் கட்டாம போயிரும். அதே நேரத்துல மேல தோகை அடர்ந்து அடியில வெளிச்சம் போகாது, நிழல்ல நிக்கிற தண்டு வெளிச்சத்தத் தேடி இன்னும் நீளும். ரெண்டு அடி ஒரே எடத்துல.

ஜப்பான்ல மத்ஸுஷிமான்னு ஒரு நெல் விஞ்ஞானி இத வச்சு ஒரு முறையே கட்டினார். முன்னாடி தழைச்சத்து நல்லா குடு, கதிர் வர்றதுக்கு ஏறக்குறைய 40 நாள் முன்னாடியில இருந்து 20 நாள் முன்னாடி வரைக்கும் பட்டினி போடு, அப்புறம் திரும்பக் குடு. அந்தப் பட்டினி நாளுலதான் அடிக்கணுவிடை நீளுது. நம்ம பக்கத்துப் பரிந்துரை அப்பிடி இல்ல. அடியுரம், தூர் கட்டுறப்ப, கதிர் உருவாகுறப்ப, பூக்குறப்பன்னு நாலாப் பிரிச்சு போடச் சொல்றாங்க. கதிர் உருவாகுறப்ப குடுக்குற உரந்தான் மணி எண்ணிக்கைய ஏத்தும், அத விட மனசு வராது. நான் என்ன பண்றேன்னா இலை வண்ண அட்டைய வச்சுப் பாத்துட்டு, பச்சை கடுமையா இருந்தா அந்தத் தவணைய பாதியாக்கிருவேன். பக்கத்து வயல்காரர் என்னைக் கஞ்சன்னு சொல்றது காதுல விழுது, இருக்கட்டும்.

இடைவெளியும் இதுல சேரும். திருந்திய நெல் சாகுபடில 25க்கு 25 செ.மீ. நடுறோமே, அதுல விளைச்சல் எவ்வளவு கூடுதுங்கறதுல ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்வாங்க. ஆனா தாள் தடிக்கிறத கண்ணால பாக்கலாம். அடி வரைக்கும் வெளிச்சம் போகுது, அவ்வளவுதான் காரணம். நெருக்கி நட்டு யூரியாவையும் கொட்டிட்டு ரகத்தத் திட்டுறது நம்ம ஊர் பழக்கம்.

28.11.2024

ரெண்டு நாளா ஊத்துது, வயலு பூரா ஏரி. எல்லாரும் முதல்ல வடிகாலப் பாருங்க, விவாதம் அப்புறம்.

6.12.2024

தண்ணி வடிஞ்சுது. முழுசா முங்கின பயிர் மூச்சுக்காக மேல நீளும், அப்பிடி நீண்ட தாள் நெஞ்சுல பலம் இல்லாம இருக்கும். அதுக்குப் பொறவு வர்ற காத்துலதான் விழும், மழையில விழுந்துச்சுன்னு நாம எழுதி வைப்போம். இனிமே காய்ச்சலும் பாய்ச்சலுமா விடுங்க. தண்ணி தேங்கியே கெடந்தா வேர் மேலாப்புலயே படர்ந்துரும், மண்ணும் குழகுழன்னு இருக்கும். தாள் எவ்வளவு கெட்டியா இருந்தாலும் தூரோட பேந்து சாயும், நாத்து நடாம விதையத் தெளிச்ச வயல்ல இது ரொம்ப. நட்ட பயிருக்கு அடிப்பக்கம் மண்ணுக்குள்ள இருக்கு, தெளிச்சதுக்கு மேலாப்புல இருக்கு. ஆக, தாள் வளைஞ்சு சாயுறது ஒண்ணு, ஒடிஞ்சு சாயுறது ஒண்ணு, வேரோட சாயுறது ஒண்ணு. மூணுக்கும் ஒரே மருந்து கேட்டா கெடைக்காது.

9.12.2024

யாருமே இலையுறையப் பத்தி கேக்கலயே. வெட்டுவாய் பாக்கச் சொன்னேனே, பாத்தவங்க யாராவது இருக்கீங்களா?

அடிக்கணுவிடைய வெறுமனே உரிச்சு எடுத்து ஒடிச்சுப் பாருங்க. அப்புறம் உரிக்காத தாள ஒடிச்சுப் பாருங்க. கையிலயே வித்தியாசம் தெரியும். தாளோட மொத்த பலத்துல கணிசமான பங்கு, சில ரகத்துல பாதி வரைக்கும் கூட, மேல சுத்தியிருக்குற பச்சை இலையுறையோடது. அது காய்ஞ்சு தொளதொளன்னு ஆன அன்னைக்கே பலம் போயிருச்சு.

இலையுறை கருகல் நோய் வந்த வயலும் புகையான் பூச்சி அடிச்ச வயலும் சீக்கிரம் படுக்குறது இதனாலதான். புகையான் தூர் அடியில உக்காந்து சாறு உறிஞ்சுது, கருகல் தண்ணி மட்டத்துல இருந்து மேல ஏறுது, ரெண்டும் கை வைக்குற எடம் அதே அடிப்பட்டைதான். ஆக கருகலுக்கு மருந்து அடிக்கிறவன் சாய்வுக்கும் சேத்துத்தான் அடிக்கிறான், அவனுக்கே தெரியாம. "ரகம் சரியில்ல"ன்னு சொல்றதுக்கு முன்னாடி தூரப் பிரிச்சு அடியப் பாருங்கப்பா.

15.12.2024

சிலிக்கா, பொட்டாஷ் பத்திக் கேட்டவங்களுக்கு. தம்பி "உரக்கடைக்காரன் கதை"ன்னு சொன்னதுல இங்கதான் கொஞ்சம் நியாயம் இருக்கு.

நெல்லு மண்ணுல இருந்து தழைச்சத்த விட அதிகமா எடுக்குறது சிலிக்காவ. வேர்லயே அத உள்ள இழுக்குறதுக்குன்னு ஒரு கடத்திப் புரதம் இருக்கு, அந்த ஜீன 2006ல ஜப்பான்ல கண்டுபிடிச்சாங்க. போய்ச் சேருற எடம் முக்கியமா உமியும் தோகையும். அதனாலதான் தோகை கையக் கிழிக்குது. சிலிக்கா நல்லா இருந்தா தோகை விறைப்பா நிக்கும், அடிக்கு வெளிச்சம் போகும், பூச்சிக்கும் குலைநோய்க்கும் கொஞ்சம் தடை. தண்டுக்கு நேரடியா எவ்வளவு பலம் குடுக்குதுங்கறதுல நான் பெருசா பந்தயம் கட்ட மாட்டேன், சுத்தி வளைச்சு உதவுதுன்னு வச்சுக்கலாம். "சிலிக்கா அடிச்சா சாயவே சாயாது"ன்னு பாட்டில் காட்டுறவன்கிட்ட, அடிக்காத ஒரு வரிசைய விட்டுட்டு வித்தியாசம் காட்டுப்பான்னு கேளுங்க.

பொட்டாஷ் விஷயம் வேற. பயிர் எடுத்த பொட்டாஷ்ல நெல்மணிக்குப் போறது கம்மி, 80 சதவீதம் கிட்ட வைக்கோல்லயே தங்குது. வைக்கோல வித்துட்டோம், கட்டு கட்டி லாரில போயிருச்சு. வருஷா வருஷம் வைக்கோலோட மண்ணோட பொட்டாஷும் சிலிக்காவும் போகுது, நாம யூரியா மட்டும் போட்டு ஈடு கட்டுறோம். பொட்டாஷ் குறைஞ்ச பயிர்ல அடித்தோகை சீக்கிரம் காயும், இலையுறையும் கூடவே போகும், மேல 9ஆம் தேதி சொன்னதோட கோத்துப் பாருங்க. அப்போ சிலிக்காவ விட பொட்டாஷுக்குத்தான் என் ஓட்டு. அதுலயும் முதல் ஓட்டு, வைக்கோல்ல ஒரு பங்காவது வயலுக்கே திரும்பப் போறதுக்கு. வைக்கோல் விலை கேட்டா கை நடுங்கும்னு தெரியும், மாடு வச்சிருக்குறவங்க எருவாத் திருப்பிக் கொண்டாந்துடலாம், மத்தவங்களுக்கு வழி கம்மிதான்.

16.12.2024

பாட்டில்னதும் ஞாபகம் வந்துச்சு. "பயிர் நல்லா எழும்பும்"னு குடுக்குற வளர்ச்சி டானிக் சிலதுல ஜிப்ரெலிக் ஆசிட் இருக்கும், லேபிளப் படிங்க. அது தாள நீட்டுற ஹார்மோன். சம்பாவுக்கு கணு நீளுற நேரத்துல அத அடிக்கிறது சொந்தக் காசுல சாய்வ வாங்குறது.

அந்த ஹார்மோனக் கண்டுபிடிச்சதே நெல்லுல இருந்துதான். ஒரு பூஞ்சை வந்த நாத்து மட்டும் மத்ததவிட மடமடன்னு உயரமா, வெளுத்து, கொடி கணக்கா வளர்ந்து செத்துப் போகும். 1926ல குரோசாவாங்கறவர் தைவான்ல, பூஞ்சை விடுற ஏதோ ஒரு பொருள்தான் இதப் பண்ணுதுன்னு காட்டினார். அதுதான் பின்னாடி ஜிப்ரெலின். இப்ப ஐஆர் 8க்கு வாங்க. அந்தக் குட்டை ஜீன் என்னன்னு 2002ல பிரிச்சுப் பார்த்தா, இதே ஜிப்ரெலினத் தயாரிக்கிற என்சைம்ல ஒண்ணு பழுதாகியிருக்கு! பூஞ்சை ஹார்மோன ஏத்துச்சு, குட்டை ரகம் ஹார்மோனக் குறைச்சுது. இன்னும் வேடிக்கை, பங்களாதேஷ் பக்கம் வெள்ளத்தோட போட்டி போட்டு ஆளுயரத்துக்கு மேல நீளுற ஆழநீர் நெல்லுலயும் இதே ஜீன்தான், அங்க முறுக்கேத்தி வச்சிருக்கு. ஒரே ஜீன ஒரு பக்கம் அமத்தினா பசுமைப் புரட்சி, இன்னொரு பக்கம் முறுக்கினா மிதக்குற நெல்லு.

ஹைபிரிட் விதை உற்பத்தி பண்றவங்க ஜிப்ரெலின் அடிக்கிறாங்களேன்னு கேப்பீங்க. அங்க பெண் வரிசைல கதிர் இலையுறைக்குள்ளயே பாதி மாட்டிக்கும், வெளிய தள்ளத்தான் அடிக்கிறாங்க. சோத்து நெல்லுக்கு அந்த வேலை வேண்டாம்.

27.12.2024

பாரம்பரிய நெல் அண்ணன் கோவமா எழுதியிருக்கார். "எங்க மாப்பிள்ளைச் சம்பா நெஞ்சுக்கு மேல வளருது, சாயல, நீங்க குட்டை ரகத்துக்கு வக்காலத்து வாங்குறீங்க"ன்னு. அண்ணே, நான் குட்டை மட்டும் போதாதுன்னுதான் நாப்பது நாளா கத்திக்கிட்டு இருக்கேன், இழைய மேல இருந்து படிங்க.

மாப்பிள்ளைச் சம்பா தாள் தடி, அது உண்மை. ஆனா அது நிக்குறதுக்கு இன்னொரு காரணம் நீங்க யூரியா போடல. கதிர் சுமையும் பிபிடி அளவு இல்ல. அதே நெல்லுக்கு பக்கத்து வயல் யூரியா தண்ணி வடிஞ்சு வந்துச்சுன்னா அந்த ஓரம் மட்டும் எப்பிடிப் படுக்குதுன்னு நீங்களே பாத்திருப்பீங்க. உயர ரகம் போடுறவங்க கதிர் உருவாகுறதுக்கு முன்னாடி தோகை நுனிய அறுத்து மாட்டுக்குப் போடுறாங்களே, அது நல்ல கணக்கு. மேல் சுமையும் குறையுது, அடிக்கு வெளிச்சமும் போகுது. ஆனா நாள் தப்பிச்சுன்னா உள்ள இருக்குற கதிரையும் சேத்து அறுத்துருவீங்க, தாளப் பிளந்து குருத்து எங்க இருக்குன்னு பாத்துட்டு அரிவாள வைங்க.

சாயுறதையே ஒத்துக்கிட்ட ஊரும் இருக்கு. கேரளாவுல பொக்காளி நெல்லு, கடலோர உப்புத் தண்ணில வளருறது. உசரமா வளந்து, முத்துனதும் தாள் தண்ணில படுத்துரும், கதிர் மட்டும் தலையத் தூக்கி நிக்கும். கதிர மட்டும் அறுத்து எடுத்துட்டு தாள அப்பிடியே விட்டுருவாங்க, அது அழுகி அடுத்து விடுற இறாலுக்கும் மீனுக்கும் தீனிக்கு ஆகும். அங்க சாய்வு ஒரு பிரச்சனையே இல்ல. நமக்கு கதிர் சேத்துல பட்டா முளைச்சுரும், மிஷினு எடுக்காது, அதனால பிரச்சனை.

12.01.2025

பொங்கல் வேலைக்கு நடுவுல ஒரு சின்னது. "பூக்குறப்ப இரும்பா நின்ன பயிர் அறுப்பு கிட்டத்துல ஏன் பொசுக்குன்னு ஆகுது, கதிர் கனம்தானே"ன்னு கேட்டாங்க. கதிர் கனம் ஒண்ணு. இன்னொண்ணு, பூக்குறதுக்கு முன்னாடி தாளுக்குள்ள மாவுச்சத்து சேத்து வச்சிருக்கும், பால் பிடிக்குறப்ப அதை எடுத்து மணிக்கு அனுப்பிரும். தாள் உள்ளுக்குள்ள காலியாகுது, அடி இலையுறை காயுது, மேல சுமை ஏறுது, மூணும் ஒரே மாசத்துல. வரவு குறைஞ்சு செலவு ஏறுற மாசம். சில ரகம் மணி ரொம்புன பொறவு திரும்பவும் தாள்ல கொஞ்சம் மாவுச்சத்து சேத்துக்கும், தோகை கடைசி வரைக்கும் பச்சையா இருக்கும், அதுங்க நிக்கும். ரகம் பாக்குறப்ப அறுப்பு அன்னைக்கு அடித்தோகை நிறத்தையும் பாருங்கன்னு இதுக்குத்தான் சொல்றது.

20.01.2025

நேத்து ராத்திரி மழை. வரப்போரத்துல நின்னு பாத்தேன், பிபிடி பாதி படுத்துருச்சு, தெக்கு மூலைல வேற ரகம் போட்டது நிக்குது. படுத்ததுல ரெண்டு தினுசு. ஒரு பக்கம் தாள் வில்லா வளைஞ்சிருக்கு, கதிர் தரைக்கு மேல தொங்குது, இது பரவால்ல. தண்ணி மடை ஓரம் ஒடிஞ்சே கெடக்கு, அங்கதான் கருகல் இருந்துச்சு.

"நிமிந்துருமா"ன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. பச்சையா இருக்குறப்ப சாய்ஞ்சா கொஞ்சம் நிமிரும். கணுவுக்கு மேல இலையுறை தடிச்சு ஒரு வளையம் இருக்கு பாருங்க, சாய்ஞ்சதும் அதோட கீழ்ப்பக்கம் மட்டும் வளர ஆரம்பிக்கும், அதனால மேல்துண்டு திரும்ப மேல நோக்கி வளையும். பூக்குற பருவத்துல விழுந்த பயிர் ரெண்டு மூணு நாள்ல முழங்கை மடிச்சு எந்திரிக்குறது அதுதான். முத்தின பயிருக்கு அந்த வளையம் செத்துருச்சு, இனிமே எந்திரிக்காது. பால் பருவத்துல விழுந்திருந்தா நாலு தூர சேத்து தூக்கிக் கட்டலாம், ஆள் கூலி கட்டுப்படியானா. முத்தினதுக்குக் கட்டி பிரயோஜனம் இல்ல, தண்ணிய வடிச்சு சீக்கிரம் அறுக்குறதுதான்.

23.01.2025

பெரம்பலூர்ல இருந்து மக்காச்சோளத்துக்கும் இதே கணக்கான்னு ஒரு கேள்வி. பாதி இதே கணக்கு. தட்டை உள்ள ஓட்டை இல்ல, பஞ்சு ரொம்பி இருக்கும், ஆனா பலம் அங்கயும் வெளிப்பட்டைலதான். பெரிய வித்தியாசம் கணுவுல இருந்து மண்ணுக்கு எறங்குற ஊன்று வேர். அது மண்ணுக்குள்ள போய்ப் புடிச்சாத்தான் வேல செய்யும், அந்தரத்துல தொங்குனா அழகுக்குத்தான். மண் அணைக்குறதுக்கு சோம்பல் படாதீங்க. கதிர் உக்காந்திருக்குற உசரத்தையும் பாருங்க, தட்டைல பாதிக்கு மேல கதிர் இருக்குற ரகம் காத்துக்கு முதல்ல விழும்.

26.01.2025

அறுப்புக்கு மிஷினு சொல்றவங்களுக்கு. சேறு காயலன்னா டயர் வண்டி வேண்டாம், செயின் வண்டி சொல்லுங்க. படுத்த பயிர சாய்ஞ்ச திசைக்கு எதிர்ப்பக்கமா ஓட்டச் சொல்லுங்க, இல்ல குறுக்கா. சாய்ஞ்ச திசையோடயே ஓட்டினா மிஷினோட வாய் கதிர அமுக்கிட்டுப் போயிரும், பாதி நெல்லு வயல்லயே கெடக்கும். எதிர்ப்பக்கமாவே ஓட்டினா ஒவ்வொரு சாலுக்கும் வெறும் வண்டி திரும்பி வரணும், மணிக்கணக்குல வாடகை ஏறும், டிரைவர் மொகஞ்சுழிப்பார். வாய ரொம்ப கீழ எறக்கி சேத்தையும் சேத்து அள்ளினா நெல்லு கருத்துரும்.

நிக்குற நெல்லையும் படுத்த நெல்லையும் தனித்தனியா கொட்டுங்க. படுத்ததுல ஈரம் எப்பவும் கூடுதல், முளை விட்ட மணியும் இருக்கும். ரெண்டையும் ஒண்ணா கலந்து கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனா 17 சதவீத ஈர வரம்புக்குள்ள மொத்தமும் நிக்காது, நல்ல நெல்லும் சேந்து திரும்பி வரும். சாயாம நிக்குற பக்கத்த காலைல முதல்ல அறுக்கச் சொல்லியிருக்கேன், படுத்த பக்கம் மதியம் பனி காய்ஞ்ச பொறவு.